மாடு கட்டிய வீடு

ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில் வீடு தேடி அலைந்தபோது முதல் மூன்று வீட்டுக்காரர்களும் எத்தனை பேர், என்ன சமைப்பீர்கள் என்று விசாரித்தார்கள். நான்காவது வீட்டின் சொந்தக்காரி கதவைத் திறந்து, என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கு முதல் நீர் என்னவா இருந்தனீர்?"

"இலங்கையில இருந்தனாங்கள். யாழ்ப்பாணம்."

"ஊரைக் கேக்கேல்லை. உம்மைக் கேக்கிறன்."

அவர் பேசியது ஆங்கிலம்தான். வசனத்தின் நடுவில் ஏறி முடிவில் இறங்குகிற வேல்ஸ் நாட்டு ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடத்தில் அவர் சொன்னதெல்லாம் என் மனதில் யாழ்ப்பாணத் தமிழாகப் படிந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. நான் விரி என்ற புறநகரில் ஒரு பண்டகசாலையில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் பதினொரு வருடம் ஊரில் நகர நிர்மாணக் கந்தோரில் படவரைஞராக இருந்தவள். ஆக்லாந்துக்கு வந்த எட்டு மாதத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சொல்லும்போது ஏதோ களவெடுத்ததை ஒப்புக்கொள்வது போல நாக்கு இடறியது. அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப உள்ள வாரும். இந்த அறை முந்தி உடுப்புத் தோய்க்கிற இடம். அந்தச் சுவர்க்குழியில செம்பு அண்டா இருந்தது. அடுத்த அறை விறாந்தை. பிறகுதான் பலகை அடிச்சு மூடினது."

வீட்டின் பின்பக்கத்து அந்த இரண்டு அறைகளில் நானும் கணவரும் மகளும் மூன்று வருடம் இருந்தோம். செம்பு அண்டா இருந்த குழியில் நான் சாமிப்படங்களை வைத்தேன். வீட்டுக்கார அம்மா வந்து பார்த்துவிட்டு, "நல்லது, திரும்பவும் நெருப்பு வைக்கிற இடமாப் போச்சு," என்றார்.

அவருக்கு அப்போது அறுபத்தைந்து வயது. இருபத்தெட்டு வயதில் தாதியாகக் கப்பலேறி வந்து, ரயில்வேயில் வேலை செய்த ஒருவரைக் கட்டி, அவரையும் இழந்து, பிள்ளைகள் இல்லாமல் தனியே இருந்தார். ஆங்கிலேயர் என்று யாராவது சொன்னால் முகம் சிவந்துவிடும். எங்களை இந்தியர் என்று சொல்லும்போது எனக்கு வருகிற அதே எரிச்சல்.

எதைப் பார்த்தாலும் அதற்கு முன் அது என்னவாக இருந்தது என்று அவருக்குத் தெரியவேண்டும். டெய்ரி என்று இங்கே சொல்கிற மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போனால் கூரையை அண்ணாந்து பார்ப்பார். "கொழுக்கியளைப் பாரும். இது முந்தி இறைச்சிக் கடை." கடைக்கார குஜராத்திக்காரர் சைவம். பல வருடமாக அந்தக் கொழுக்கிகளுக்குக் கீழே நின்று வியாபாரம் செய்தவர், அன்றைக்கு அண்ணாந்து பார்த்த பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அடுத்த வாரமே கொழுக்கிகளைக் கழற்றிவிட்டார். வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரே கவலை. "அவர் ஏன் கழட்டினவர்? அது அங்க இருந்து ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கேல்லையே."

முன்பு என்னவாக இருந்தது என்ற கேள்வி எல்லோருக்கும் நல்லதல்ல என்பது அவருக்கு விளங்கவேயில்லை. என் மகளின் எட்டாவது பிறந்தநாளுக்கு ஐந்தாறு தமிழ்க் குடும்பங்களை அழைத்திருந்தோம். வந்தவர்களில் ஒருவர் ஊரில் கல்லூரி அதிபராக இருந்தவர். அவர் நடந்து வந்தால் வீதியில் பையன்கள் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார்கள். இங்கே விமான நிலையத்துச் சமையல்கூடத்தில் தட்டுக் கழுவினார். வீட்டுக்கார அம்மா கேக் தட்டோடு அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இதுக்கு முதல் என்ன செய்தனீங்கள்?"

"இதுதான் செய்தனான்," என்றார் அவர்.

"இல்லை, இஞ்ச வர முதல்."

"எப்பவும் இதுதான் செய்தனான்."

அறையில் எல்லோருக்கும் உண்மை தெரியும். வீட்டுக்கார அம்மா விடவில்லை. "உங்கட கையைப் பார்த்தா அப்பிடித் தெரியேல்லையே." அதிபர் தட்டைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். இருவரும் எழுந்து, என் மகளின் தலையைத் தடவிவிட்டு, கேக்கைத் தொடாமலே போய்விட்டார்கள். நாங்கள் அந்த வீட்டில் இருந்தவரை அவர்கள் அதன் படி ஏறவில்லை.

அன்று பின்னேரம் பாத்திரம் கழுவும்போது நான் வீட்டுக்கார அம்மாவோடு கோபமாகவே கதைத்தேன். "ஏன் அந்த மனிசனைத் துருவினீங்கள்?"

"அவர் பொய் சொன்னவர்."

"ஓம். பொய்தான். அந்தப் பொய் இல்லாமல் அவர் காலமை எழும்பி வேலைக்குப் போக ஏலாது."

அவர் ஒரு தட்டை நெடுநேரம் துடைத்தார். "எனக்கு விளங்கேல்லை," என்றார். உண்மையாகவே விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அதற்கடுத்த குளிர்காலத்தில் அவருக்கு வேல்ஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதி எழுதியிருந்தார். கடிதத்தை வாசித்தவர், அப்ரனைக்கூடக் கழற்றாமல் எங்கள் அறைக்கு வந்தார்.

"என்ர தம்பி பழைய கொட்டிலை இடிக்கப் போறானாம்."

அவர் பிறந்து வளர்ந்த பண்ணையில் இரண்டு கட்டடங்கள். ஒன்று அவருடைய பாட்டன் கட்டிய வீடு. இன்னொன்று அதற்குக் கீழே மலைச்சரிவில் கிடந்த நீளமான கற்கட்டடம், மாட்டுக்கொட்டில். தகப்பனோடு அங்கே பால் கறந்து வளர்ந்தவர். அது கொட்டிலாகக் கட்டப்பட்டதல்ல, முந்நூறு நானூறு வருடம் முன்னால் தங்கள் ஆட்கள் குடியிருந்த வீடு என்று சின்ன வயதிலேயே அவருக்குத் தோன்றியிருந்தது. புது வீடு எழும்பியதும் பழைய வீட்டில் மாட்டைக் கட்டிவிட்டார்கள். இப்போது கூரை சரிகிறது. தம்பி அதைத் தள்ளிவிட்டுத் தகரக் கொட்டகை போட நினைக்கிறார். பழைய கட்டடங்களைப் பதிவு செய்கிற அதிகாரி ஒருவர் பார்க்க வந்திருக்கிறார். பழைய வீடு என்றால் இடிக்க விடமாட்டார்கள். தம்பி அவரை வாசலோடு நிறுத்தி, இது எப்போதும் மாட்டுக்கொட்டில்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"எப்பவும் கொட்டிலாம். உள்ளுக்குள்ள மூலையில மூண்டு படி வளைஞ்சு ஏறிச் சுவரில முட்டி நிக்குது. மாட்டுக்கு என்னத்துக்குப் படி? சிநேகிதி அதைக் கேட்டதுக்குப் பாட்டன் கோழி முட்டையிடக் கட்டினவராம் எண்டிருக்கிறான்!"

தகப்பனின் செத்தவீட்டுக்கு அவர் போகவில்லை. அதன் பிறகு ஒன்பது வருடமாக அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் ஒரு வரி எழுதியதில்லை.

"நீர் படம் கீறித் தாரும்," என்றார். "நான் சொல்லுறன், நீர் கீறும். அதை அந்த அதிகாரிக்கு அனுப்பப் போறன்."

"பார்க்காத கட்டடத்தை எப்பிடிக் கீறுறது?"

"நான் பார்த்தனான்தானே."

அளவுகள் கேட்டேன். அவரிடம் அடியும் இல்லை, அங்குலமும் இல்லை. மாடுகள்தான் இருந்தன. எட்டு மாடுகள், இரண்டிரண்டாக நான்கு தடுப்புக்குள். எட்டின் பெயரும் வரிசையாகச் சொன்னார். இரண்டு மாடு படுத்தெழும்ப ஏழு அடி வேண்டும் என்றார். நான்கு தடுப்புக்கு இருபத்தெட்டு அடி. கீழ்க்கோடியில் வாசலும் அதற்கு நேரெதிரே இன்னொரு வாசலும். இரண்டையும் திறந்துவிட்டால் காற்று குறுக்கே ஓடும். அகலத்துக்கு ஒரு மாட்டின் நீளம், சாணம் ஓடுகிற கான், பிறகு வாளியோடு ஒரு ஆள் நடக்கிற இடம். மாடுகளைக் கூட்டித்தான் நான் அந்த வீட்டின் நீள அகலத்தைக் கண்டுபிடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வளவுப் புல்லில் உடுப்புக் காயப்போடும் கயிற்றை இழுத்து, கிளிப்புகளைக் குத்தி, முழு அளவில் அந்தக் கட்டடத்தைப் போட்டோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாளி தூக்குகிற கையோடு உள்ளே நடந்தார். நான் அளவுநாடாவோடு பின்னால் போனேன். ஓரிடத்தில் தலையைக் குனிந்தார். "உத்தரம்," என்றார். அந்த உத்தரத்தின் அடியில் ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகத் துளைகள் இருந்தனவாம். கறக்கும்போது மாட்டின் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு அவற்றை எண்ணுவாராம். பதினேழு. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவை மரத் தட்டி ஒன்றை மாட்டிய துளைகள். அங்கே ஒரு அறை முடிந்து இன்னொன்று தொடங்கியிருக்கிறது. அதைச் சொன்னபோது அவர் கண்ணைத் திறந்து கயிற்றுக்குள் நின்றபடி என்னைப் பார்த்தார். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், இரண்டு பெண்களும் என்ன விளையாடுகிறோம் என்று கேட்டார்.

என் கணவர் தான் வேலை செய்த எல்லர்ஸ்லி கந்தோரிலிருந்து ட்ரேசிங் தாள் கொண்டுவந்தார். மைப்பேனையை நானே வாங்கினேன். முதல் கோடு கோணிப்போனது. இரண்டாவது வாரம் கை பழகிவிட்டது. விரியிலிருந்து வந்து, சோறு வைத்துவிட்டு, மேசையைத் துடைத்துத் தாளை விரிப்பேன். அந்த நாட்களில் நான் வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்ததாக மகள் இப்போதும் சொல்வாள்.

சண்டை ஒரு ஜன்னலால் வந்தது. மேல்கோடிச் சுவரில், படிக்குக் கொஞ்சம் தள்ளி, சின்னதாகச் சதுரமாக ஒரு ஜன்னல் இருந்தது என்றார். நான் நெடுக்குவெட்டுப் படத்தைக் கீறிப் பார்த்தேன். கட்டடம் ஒரு கோடி மேலேயும் மறுகோடி கீழேயுமாகச் சரிவில் நீளமாகக் கிடக்கிறது. மேல்கோடிச் சுவரில் பாதிக்கு மேல் மலைக்குள் புதைந்திருக்கிறது.

"அதில ஜன்னல் வராது. வெளியில மண்."

"வெளிச்சம் வந்தது. நான் பார்த்தனான்."

"மண்ணுக்குள்ளால எப்பிடி வெளிச்சம் வரும்?"

"நீர் கீறும். நான் சொல்லுறதைக் கீறும்."

"மாட்டன்," என்றேன். பதினொரு வருடக் கந்தோர்க் குரல் எனக்குள்ளிருந்து வந்தது. "இல்லாத ஜன்னலை ஒண்டு கீறினா அந்த அதிகாரி மிச்சத்தையும் நம்ப மாட்டார். என்ர பேர் இதில இருக்கப் போகுது."

அவர் எழுந்து போய்விட்டார். மூன்று நாள் முகம் பார்க்கவில்லை. கணவர், "இஞ்சேரும், ஒரு சின்னச் சதுரம்தானே, கீறிக் குடுத்திட்டு விடுமன்," என்றார். நான் கீறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போக முன் சாமிக்கு விளக்கேற்றிவிட்டுத் திரும்பினேன். வெளியே மழையிருட்டு. நடையில் வீட்டுக்கார அம்மா இரவு உடுப்போடு நின்றார். பாதி திறந்த கதவால் சுவர்க்குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழிக்குள் விளக்கு எரிந்ததால் இருட்டுச் சுவரில் அந்தச் சதுரம் மட்டும் மஞ்சளாக இருந்தது.

"அது ஜன்னல் இல்லை," என்றார் மெதுவாக. "மாடம். விடியக்காலமை கறக்கேக்க அப்பா லாம்பை அதுக்குள்ள வைப்பார். நான் வெளிச்சத்தைத்தான் பார்த்திருக்கிறன்."

விளக்கை அப்படியே விட்டுவிட்டு இருவரும் மேசைக்குப் போனோம். அன்று நான் முதல் ரயிலைத் தவறவிட்டேன். சுவருக்குள் கட்டின மாடம். ஒரு பக்கம் மாடம், மறுபக்கம் வளைந்தேறும் படி. இரண்டுக்கும் நடுவே ஏழடி வெறுஞ்சுவர்.

"இந்த இடத்தில என்ன இருந்தது?"

"ஒண்டுமில்லை. வெள்ளையடிச்ச சுவர். எத்தினை தரம் சுண்ணாம்பு அடிச்சாலும் அந்த இடத்தில மட்டும் மண்ணிறமாக் கறை வெளியில வரும். மாட்டு மூத்திரம் எண்டு அப்பா சொல்லுவார்."

"மாடு சுவரில ஆளுயரத்துக்கு மூத்திரம் பெய்யுமோ?"

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஊரில் எங்கள் குசினிச் சுவரும் அப்படித்தான். வருடாவருடம் தைப்பொங்கலுக்கு வெள்ளையடிப்போம். மாசி முடிய முன் அடுப்புக்கு மேலே புகைக்கறை திரும்ப வெளியே வந்துவிடும். கொட்டிலின் அந்தச் சுவருக்குள் கல் வைத்து அடைத்த ஒரு பெரிய அடுப்பு இருக்கிறது. சமையலுக்கு வைக்கிற உப்பு ஈரம் பிடிக்காமலிருக்க அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் அந்த மாடத்தை வைத்திருக்கிறார்கள். குளிர்காயும் மனிதர்களுக்குப் பக்கத்தால் மேலே படுக்கப் போகும் படி. நான் அந்த ஏழடிச் சுவரில் புள்ளிக்கோட்டால் ஒரு அடுப்பைக் கீறினேன்.

வரைபடம் முடிந்ததும் வலது மூலையில் என் பெயரை எழுதச் சொன்னார். பெயரை எழுதி நிறுத்தினேன். "மிச்சத்தையும் எழுதும்," என்றார். படவரைஞர் என்று எழுதினேன். பிரதி எடுத்து வந்தோம். அதிகாரியின் விலாசம் எழுதிய உறை மேசையில் தயாராகக் கிடந்தது.

அவர் உறைக்குள் தாளை மடித்து வைக்கும்போதுதான் என் மனதில் பல நாளாக உறுத்திக்கொண்டிருந்ததைச் சொன்னேன்.

"உங்கட தம்பியும் அதிபர் சொன்னதைத்தானே சொல்லுறார். எப்பவும் இதுதான் எண்டு."

அவர் கை நின்றது.

"அது வீடெண்டால் அவர் யார்? முப்பாட்டன்மாற்ற அடுப்பங்கரையில மாட்டைக் கட்டின ஆள். அந்த அதிகாரி வந்து முகத்தைப் பார்த்து அதைத்தானே கேட்டிருப்பார்."

அவர் உறையைக் கிழித்தார். புதிய உறை எடுத்துத் தம்பியின் விலாசத்தை எழுதினார். வரைபடத்தோடு உள்ளே வைத்த கடிதம் வெல்ஷ் மொழியில் இருந்தது. நான்கு வரிதான். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"எங்கட பக்கத்தில சனம் விட்டிட்டுப் போன பழைய வீடெல்லாம் கூரை விழுந்து கற்குவியலாப் போச்சு. இது மட்டும் ஏன் நிக்குது? உள்ளுக்குள்ள மாடு நிண்டது. மாடு நனையக் கூடாதெண்டு அப்பாவும் நீயும் கூரையைப் பார்த்தியள். நீங்கள் ரெண்டு பேரும்தான் வீட்டைக் காப்பாத்தினது. அதைத்தான் எழுதினனான்."

ஐந்து மாதம் பதில் இல்லை. தினமும் தபால்பெட்டியைத் திறந்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல வருவார். பிறகு ஒரு நாள் கடிதமில்லாத உறை ஒன்று வந்தது. உள்ளே ஒரு புகைப்படம். வெள்ளைச் சுவரில் பெரிய கறுப்பு வாய் திறந்திருந்தது. அதன் மேலே ஒரு ஆள் தனியே தூக்க முடியாத அளவுக்குப் பருத்த மர உத்தரம். கீழே உடைத்து எடுத்த கற்கள். படத்தின் ஓரத்தில் ஒரு மாட்டின் மூக்கு. சுவரைத் தம்பியே தன் கையால் உடைத்திருக்கிறார். பின்பக்கம் பென்சிலால் இரண்டு சொல். அவர் வாசித்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். மொழிபெயர்த்துச் சொன்னார்: "கோழிக்கு இல்லை."

அதிகாரியைத் தம்பியே திரும்பக் கூப்பிட்டார். கட்டடம் வீடென்று பதிவானது. கூரைக்குக் கற்பலகை ஓடு புதிதாக வேய்ந்தார்கள். மாடுகள் எங்கும் போகவில்லை. அங்கேயே நின்றன.

அடுத்த வருடம் ஆறு கிழமைக்கென்று அவர் வேல்ஸுக்குப் போனார். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, பூட்டுகளைப் பற்றியும் எலுமிச்சை மரத்தைப் பற்றியும் மட்டும் சொன்னார். ஆறு கிழமை மூன்று மாதமானது. போன நான்காவது கிழமை தம்பிக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அவருக்கும் குடும்பமில்லை. முப்பது வருடம் மற்றவர்களின் நோயாளிகளைத் தூக்கிக் கிடத்திய பெண் தம்பியைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டார். காலையும் மாலையும் மாடும் கறந்தார் என்று கேள்விப்பட்டோம். மவுண்ட் ஆல்பர்ட் வீடு விற்பனைக்கு வந்தது. நாங்கள் வேறிடம் பார்த்துப் போனோம். அதற்குள் நான் அந்த வரைபடத்தின் பிரதியைச் சுருட்டிக்கொண்டு எல்லர்ஸ்லியில் ஒரு நில அளவைக் கந்தோரின் நேர்முகத்துக்குப் போய், வேலையும் எடுத்திருந்தேன். வீட்டுக்கார அம்மாவை நான் பிறகு காணவில்லை.

நாங்கள் சாமான் கட்டிய வாரம் ஒரு தபாலட்டை வந்தது. தம்பியைப் பற்றி ஒரு வரி, மழையைப் பற்றி ஒரு வரி. பிறகு இது: "நாடா பிடித்து எல்லாவற்றையும் அளந்தேன். நீளம் சரி. மாடம் சரி. அகலத்தில் ஒன்பது அங்குலம் குறைத்துவிட்டீர். கறுத்தப் பசு நான் நினைத்ததைவிட நீளம் போல."

அந்த வரைபடத்தை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. அதிகாரி தானே அளந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் நான் கட்டிய பெட்டியொன்றை அவிழ்த்து, ட்ரேசிங் தாளை வெளியே எடுத்தேன். வெறும் அறையில், தரையில் விரித்து, சவர அலகால் தாள் கிழியாமல் நீளப்பக்கச் சுவர் ஒன்றின் மைக்கோட்டைச் சுரண்டினேன். ஊதித் துடைத்தேன். ஒன்பது அங்குலம் தள்ளிப் புதுக் கோட்டை இழுத்து, மை காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.